நேரலையைக் கோப்பாகப் பிடித்து வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் நேரலை செய்து கொடுப்பது என் தொழில். வேலை முடிந்து ஒயரைச் சுருட்டும்போதுதான் கேள்விகள் வரும். மயிலாடுதுறையில் கேட்டதையே மன்னார்குடியிலும் கேட்பார்கள். பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்த பிறகு, கைவிட்டுப் போன பிறகு கேட்பார்கள். முன்னாலேயே தெரிந்திருந்தால் எத்தனையோ வீடுகளில் அந்த வீடியோ இன்று இருந்திருக்கும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

லைவ்ல போச்சுன்னா அது தானா சேவ் ஆகியிருக்காதா தம்பி?

ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். நேரலை என்பது முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீர் மாதிரி. நம் முறை வரும்போது மடையைத் திறந்து வயலுக்குள் விட்டால்தான் நமக்கு. இல்லையென்றால் அது கடைமடைக்குப் போய்விடும். நீங்கள் போனில் பார்த்த படம் சில நொடிகள் நினைவகத்தில் இருந்துவிட்டு அழிந்துபோகிறது. யாராவது ஓர் இடத்தில் அதைக் கோப்பாக எழுதினால் மட்டுமே மறுபடி பார்க்க முடியும்.

யூடியூபில் 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலையை அதுவே சேனலில் சேமித்து வைக்கும். அதற்கு மேல் ஓடினால் அதை நம்ப முடியாது. பேஸ்புக் 2025 பிப்ரவரியிலிருந்து நேரலை வீடியோக்களை 30 நாள் மட்டுமே வைத்திருந்து பிறகு நீக்குகிறது. போன மாசி மாதக் கல்யாணத்தை இப்போது தேடுகிறவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான். இன்னொன்று, மண்டபத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமை உரிமைகோரல் வந்து, சேமித்த வீடியோவில் சத்தம் போய்விடலாம், வீடியோவே முடக்கப்படலாம். உங்கள் கையில் ஒரு கோப்பு இருந்தால் இந்தக் கவலை எதுவும் கிடையாது.

ஸ்க்ரீன் ரெக்கார்டர் போட்டு எடுத்தா போதாதா?

வேறு வழியே இல்லாதபோது போதும். ஆனால் அது, திரையில் தெரிவதை மறுபடி படம் பிடிப்பது. படம் ஒரு முறை சுருக்கப்பட்டு வருகிறது, அதை விரித்துக் காட்டி, திரும்பச் சுருக்குகிறோம். தெளிவு குறையும், போன் கொதிக்கும், நடுவில் யாராவது கூப்பிட்டால் அதுவும் சேர்ந்து பதிவாகும். மாங்கல்யதாரண நேரத்தில் திரையின் உச்சியில் கேஸ் சிலிண்டர் புக்கிங் செய்தி வந்து நிற்கும் பதிவு ஒன்றை என்னிடம் கொண்டுவந்து "இதை மட்டும் எடுத்துவிட முடியுமா" என்று கேட்டார் ஓர் அம்மா. முடியவில்லை.

அதைவிட நல்ல வழி, வருகிற ஸ்ட்ரீமையே, அதாவது வலை வழியாக ஓடிவரும் படத்தையும் சத்தத்தையும், அப்படியே கோப்பில் எழுதிக்கொள்வது. கீழே வருவதெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஸ்ட்ரீம் முகவரின்னு கேக்கறீங்களே, அது எங்க இருக்கும்?

பிரவுசரின் மேல்பட்டியில் இருப்பது அந்தப் பக்கத்தின் முகவரி. படம் வருகிற முகவரி பெரும்பாலும் வேறு. நம் பக்கத்தில் மூன்று வகைதான் அதிகம் கண்ணில் படும். சிசிடிவி கேமராவும், கேமராப் படங்களைப் பதிந்து வைக்கும் என்விஆர் பெட்டியும் தருவது ஆர்டிஎஸ்பி. வழக்கமாக 554-ஆம் போர்ட்டில் (கருவிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) இருக்கும். இணையதளங்களும் செயலிகளும் தருவது எச்எல்எஸ், அதாவது எம்3யு8 என்று முடியும் ஒரு பட்டியல் கோப்பு. வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி, "அடுத்த துண்டு இது" என்று அந்தப் பட்டியல் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றாவது ஆர்டிஎம்பி. எங்களைப் போன்றவர்கள் மண்டபத்திலிருந்து யூடியூபுக்கு அனுப்பும்போது பயன்படுத்துவது.

கேமராவாக இருந்தால் அதோடு வந்த கையேட்டில் ஆர்டிஎஸ்பி முகவரியின் வடிவம் இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு மாதிரி. அதில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, கேமராவின் ஐபி எண் (வலையில் அதன் முகவரி எண்) மூன்றும் வரும். பாஸ்வேர்டில் அட் குறி இருந்தால் முகவரி குழம்பிவிடும், ஏனென்றால் அந்தக் குறிதான் பாஸ்வேர்டையும் ஐபி எண்ணையும் பிரிக்கிறது. அந்த இடத்தில் சதவீதக் குறி போட்டு 40 என்று எழுத வேண்டும். "முகவரி சரியாத்தான் போட்டேன், வரமாட்டேங்குது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

விஎல்சி-ல படம் வருது. ரெக்கார்டு பட்டனைக் காணோமே?

விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் அது மறைந்திருக்கிறது. மேலே வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் என்று இருக்கும். அதைத் தேர்ந்தால் கீழே சிவப்பு வட்டம் வரும். மீடியா மெனுவில் ஓப்பன் நெட்வொர்க் ஸ்ட்ரீம் போய் முகவரியைக் கொடுத்து, படம் வந்ததும் அந்த வட்டத்தை ஒரு முறை அழுத்துங்கள். முடிந்ததும் மறுபடி அழுத்துங்கள். கோப்பு கணினியின் வீடியோஸ் ஃபோல்டரில் தேதியும் நேரமும் பெயராகக் கொண்டு இருக்கும். அழுத்துவதற்கு முன் ஓடியது பதிவாகாது.

முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ஏதாவது ஒரு ஸ்ட்ரீமை ஒரே ஒரு நிமிடம் பதிந்து, அந்தக் கோப்பைத் திறந்து, படமும் சத்தமும் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து இதை விடாதீர்கள். என்னிடம் வந்த பாதிப் பிரச்சினைகள் இந்த ஒரு நிமிடத்தில் முந்தின நாளே தெரிந்திருக்கும்.

எவ்வளவு இடம் பிடிக்கும்? எங்க லேப்டாப்ல 40 ஜிபிதான் காலி

கணக்கு சுலபம். ஸ்ட்ரீமின் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்வார்கள். 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் எடுத்தால் 450 எம்பி. 4 மெகாபிட்டில் வருகிற தெளிவான கல்யாண நேரலை என்றால் மணிக்கு 1.8 ஜிபி. ஐந்து மணி நேர நிகழ்ச்சிக்கு 9 ஜிபி. உங்கள் 40 ஜிபி தாராளம்.

கேமரா வேறு கதை. 2 மெகாபிட் கேமரா இரவு பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. 1 டிபி டிஸ்க் சுமார் 46 நாளில் நிரம்பும். மொபைல் டேட்டாவில் பதிகிறவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் என்றால் 4 மெகாபிட் ஸ்ட்ரீம் 50 நிமிடத்தில் அதைத் தின்றுவிடும்.

பென்டிரைவில் நேரடியாக எழுதும்போது ஒரு எச்சரிக்கை. அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. இடம் இருக்கும், ஆனாலும் பதிவு நின்றுபோகும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், அதனால் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

ரெக்கார்டு பண்ணா குவாலிட்டி குறையுமா அண்ணே?

வந்ததை அப்படியே எழுதினால் ஒரு துளியும் குறையாது. கேமராவோ மண்டபக் கணினியோ படத்தை எச்.264 அல்லது எச்.265 முறையில் ஏற்கெனவே சுருக்கித்தான் அனுப்புகிறது. அந்தச் சுருக்கத்தைத் தொடாமல் கோப்புக்குள் போட்டால் அனுப்பியதும் பதிந்ததும் ஒன்றே. இதைக் காப்பி முறை என்போம். பழைய லேப்டாப்கூடச் சிரமப்படாது, ஏனென்றால் அது கணக்குப் போடவே இல்லை, எழுத மட்டும் செய்கிறது.

விஎல்சியின் கன்வெர்ட் மெனுவில் போய் ஏதாவது புரொஃபைலைத் தேர்ந்தால்தான் விரித்து மறுபடி சுருக்கும் வேலை நடக்கிறது. தெளிவு குறையும், பிராசஸர் திணறும், திணறினால் நடுநடுவே படம் விட்டுப்போகும். நேரலையில் விட்டுப்போனது திரும்ப வராது. சுருக்க வேண்டும் என்றால் எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் உட்கார்ந்து நிதானமாகச் சுருக்கிக்கொள்ளலாம்.

எம்பி4-ல எடுத்தாதானே எல்லா போன்லயும் ஓடும்? அதுலயே எடுத்துடவா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் திருக்கடையூரில் ஒரு சதாபிஷேகம். எண்பது வயதுப் பெரியவர், நான்கு தலைமுறையும் கூடியிருந்தது. நேரலையும் போய்க்கொண்டிருந்தது, பக்கத்தில் எம்பி4-ல் பதிவும் ஓடிக்கொண்டிருந்தது. கலசாபிஷேகம் நடக்கும்போது மின்சாரம் போனது. கணினியின் பேட்டரி பழுது, அணைந்துவிட்டது. மீண்டும் போட்டுப் பார்த்தால் கோப்பு இருக்கிறது, 3 ஜிபிக்கு மேல் அளவும் காட்டுகிறது, ஆனால் எந்த பிளேயரிலும் திறக்கவில்லை. அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்றதை என்னால் மறக்க முடியாது.

காரணம் இதுதான். எம்பி4 கோப்பில் எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்கிற அட்டவணை ஒன்று உண்டு. வழக்கமான எம்பி4 பதிவில் அது கடைசியில், பதிவை நிறுத்தும்போதுதான் எழுதப்படும். நடுவில் நின்றால் படம் எல்லாம் உள்ளே இருக்கும், அட்டவணை இருக்காது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்து மீட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. சில நேரம் பலன் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. ஆகவே பதிவதற்கு டிஎஸ் அல்லது எம்கேவி. டிஎஸ் என்பது ஒளிபரப்புக்காகவே செய்யப்பட்ட வடிவம். 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாக எழுதும். எங்கே அறுந்தாலும் அதுவரை வந்தது ஓடும். எம்கேவியும் அப்படியே தப்பிக்கும். முடிந்த பிறகு எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். பெட்டி மட்டும்தான் மாறுகிறது, படத்தைத் தொடுவதில்லை, அதனால் தெளிவு குறையாது. ஓபிஎஸ் (நேரலை அனுப்பவும் பதியவும் உதவும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்களுக்கு ஃபைல் மெனுவிலேயே ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் என்று இந்த வேலைக்கான வழி இருக்கிறது.

லேப்டாப்ல பேட்டரி இருக்கு. அப்புறம் ஏன் கரண்ட் போனதும் பதிவு நிக்குது?

லேப்டாப் நிற்கவில்லை, வீட்டு ஃபைபர் மோடம் நின்றுவிட்டது. கேமரா பதிவு என்றால் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் சுவிட்சுக்கும்கூட மின்சாரம் வேண்டும். மோடத்துக்கென்றே 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் விற்கிறார்கள், அது ஒன்று வாங்கி வையுங்கள். வாங்கும் முன் உங்கள் மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நாளுக்கு எதுவும் உதவாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து வந்து போகும் மின்சாரத்துக்கு இது போதும்.

எஃப்எஃப்எம்பெக்னு ஒண்ணு சொல்றாங்க. கறுப்பு ஜன்னல்ல டைப் பண்ணணுமாமே, பயமா இருக்கு

பயப்பட ஒன்றுமில்லை. எஃப்எஃப்எம்பெக் என்பது கட்டளை எழுதி ஓட்டும் வீடியோ நிரல், எழுத வேண்டியது ஒரே ஒரு வரிதான். விஎல்சியில் பட்டனை அழுத்த நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். இதில் வேண்டாம், அதுதான் பெரிய லாபம். இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும்.

வரியின் வரிசையைச் சொல்கிறேன். முதலில் நிரலின் பெயர். அடுத்து, ஆர்டிஎஸ்பி என்றால் டிசிபி வழியாக வாங்கு என்ற கட்டளை (ஏன் என்பது அடுத்த பதிலில்). பிறகு ஐ என்ற எழுத்தோடு ஸ்ட்ரீம் முகவரி, மேற்கோள் குறிக்குள். அதற்குப் பின் சி, காப்பி என்ற இரண்டு சொற்கள். மேலே சொன்ன காப்பி முறை இதுதான். பிறகு டி என்ற எழுத்தோடு எவ்வளவு நேரம் என்பது, நொடியிலோ மணி நிமிடமாகவோ. கடைசியில் கோப்பின் பெயர். ஒவ்வொரு கட்டளை எழுத்துக்கும் முன்னால் ஒரு சிறு கோடு வரும். வரிசை முக்கியம்: உள்ளே வருவதைப் பற்றிய கட்டளைகள் முகவரிக்கு முன்னால், வெளியே எழுதுவதைப் பற்றியவை முகவரிக்குப் பின்னால். இடையில் நிறுத்த வேண்டுமானால் ஜன்னலை மூடாதீர்கள், க்யூ என்ற எழுத்தை அழுத்துங்கள். அப்போதுதான் கோப்பை ஒழுங்காக முடித்துவிட்டு வெளியேறும்.

நீண்ட பதிவென்றால் செக்மென்ட் என்ற வசதியைச் சேர்த்து அரை மணிக்கு ஒரு கோப்பு என்று வெட்டச் சொல்லலாம். ஒன்று கெட்டாலும் மற்றவை பிழைக்கும். துல்லியமாக அரை மணியில் வெட்டாது, பக்கத்தில் இருக்கும் கீஃப்ரேமில் வெட்டும். கீஃப்ரேம் என்பது முழுப் படமும் உள்ள சட்டகம். நடுவில் வருபவை, முந்தையதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும்.

படம் நடுவுல பச்சையா, கட்டம் கட்டமா உடையுதே. கேமரா போச்சா?

பெரும்பாலும் இல்லை. ஆர்டிஎஸ்பி ஸ்ட்ரீம் வழக்கமாக யுடிபி என்ற அனுப்பும் முறை வழியாக வரும். வழியில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அது கேட்டு வாங்காது. தொலைந்தது கீஃப்ரேமின் பகுதி என்றால் அடுத்த கீஃப்ரேம் வரும்வரை படம் உடைந்தே இருக்கும். டிசிபி என்ற இன்னொரு முறைக்கு மாற்றினால் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும். விஎல்சியில் பிரிஃபரன்சஸ் போய் இன்புட், கோடெக்ஸ் பகுதியில் ஆர்டிபி ஓவர் ஆர்டிஎஸ்பி, டிசிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் வைஃபையைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவர்கள் சிக்னலை விழுங்கிவிடும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் மோடம், இந்தப் பக்கம் கணினி என்று இருந்தால் ஒரு லேன் ஒயர் இழுப்பதே நிரந்தர வழி. பதிவின் முதல் ஒன்றிரண்டு நொடி மட்டும் சாம்பலாக இருந்தால் கவலை வேண்டாம், கீஃப்ரேம்களுக்கு நடுவில் ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான்.

முகூர்த்தம் காலைல 4.30-க்கு. நான் துபாய்ல இருக்கேன். தானா ஆரம்பிக்க வைக்க முடியுமா?

முடியும். மேலே சொன்ன எஃப்எஃப்எம்பெக் வரியை ஒரு கோப்பில் போட்டு, விண்டோஸில் டாஸ்க் ஷெட்யூலர், லினக்ஸில் கிரான் வழியாக நேரம் குறித்துவிடலாம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால். 4.30 முகூர்த்தம் உங்கள் கணினியில் 3.00 மணி. இதைத் தலைகீழாகக் கணக்குப் போட்டு, கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தவர்கள் உண்டு.

கணினி தூங்கிவிடாதபடி ஸ்லீப்பை அணைத்துவிடுங்கள். இரவில் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆவதையும் தள்ளிவையுங்கள். குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னால் ஆரம்பித்து, முடிவில் ஒரு மணி தாராளமாக விடுங்கள். கல்யாணம் சரியான நேரத்துக்கு நடந்தாலும் எச்எல்எஸ் நேரலை அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நேரலை இன்னும் தொடங்காத நேரத்தில் வரி ஓடினால், "ஒன்றும் இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். நடுவில் இணைப்பு அறுந்தாலும் அப்படியே. ஆகவே நின்றால் பத்து நொடி பொறுத்து மறுபடி ஓடு என்று ஒரு சுற்றுக்குள் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் கோப்பின் பெயரில் நேரம் சேரும்படி வையுங்கள். இல்லையென்றால் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும்.

மோட்டார் கொட்டகையில கேமரா வெச்சிருக்கோம். சிங்கப்பூர்ல இருந்தே அதை ரெக்கார்டு பண்ணணும்

பார்ப்பது சிங்கப்பூரிலிருந்து இருக்கட்டும், பதிவு கொட்டகையிலேயே நடக்கட்டும். கேமராவிலேயே மெமரி கார்டு போடும் இடம் இருந்தால் அதுதான் எளிது. சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதினால் சீக்கிரம் தேயும், கண்காணிப்புக் கேமராவுக்கென்றே விற்கும் ரகத்தை வாங்குங்கள். ஸ்ட்ரீம் கடக்கிற ஒவ்வொரு கண்ணியும் அறுந்துபோகக்கூடிய இடம். வயல்வெளியில் 4ஜி சிம்மில் ஓடும் கேமராவுக்கு அப்படிப்பட்ட இடங்கள் நிறைய.

வெளிநாட்டிலிருந்து ஆர்டிஎஸ்பி முகவரியை நேராகத் தட்டினால் கிடைக்காமல் போவதற்கும் காரணம் உண்டு. மொபைல் இணைப்பிலும் பல ஃபைபர் இணைப்பிலும் ஒரே பொது ஐபி எண்ணைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். வெளியிலிருந்து வருகிற அழைப்புக்கு உங்கள் கேமரா எது என்று தெரியாது. பொது ஐபி கிடைத்தாலும் 554-ஆம் போர்ட்டை ஊருக்கே திறந்துவிடாதீர்கள். கம்பெனி வைத்த பாஸ்வேர்டோடு திறந்து கிடக்கும் கேமராக்களைத் தானாகத் தேடும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. விபிஎன் (இணையத்துக்குள் பூட்டிய தனி வழி) போட்டு வீட்டு வலைக்குள் நுழைவதே பாதுகாப்பு. தூரத்திலிருந்து பார்க்க மட்டும் சப் ஸ்ட்ரீம் என்கிற சின்ன அளவுப் படத்தை எடுங்கள், கனமான மெயின் ஸ்ட்ரீம் கார்டில் பதியட்டும்.

படம் இருக்கு, சத்தம் மட்டும் வரல

கேமரா பதிவென்றால் பெரும்பாலும் ஒரே காரணம். நிறைய கேமராக்கள் ஒலியை ஜி.711 என்ற பழைய தொலைபேசி முறையில் அனுப்புகின்றன. அதைக் காப்பி முறையில் எம்பி4-க்குள் போட எஃப்எஃப்எம்பெக் மறுத்துவிடும், டிஎஸ்ஸிலும் சரிப்படாது. எம்கேவி ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் படத்தைக் காப்பியாக விட்டு ஒலியை மட்டும் ஏஏசி ஆக மாற்றச் சொல்லலாம். ஒலியை மாற்றுவது கணினிக்குப் பாரமே இல்லை.

கச்சேரி பதிகிறவர்களுக்கு ஒரு சொல். நாதஸ்வரமும் தவிலும் கேமரா மைக்குக்கு அளவு மீறிய சத்தம். உச்சத்தில் ஒலி கிழிந்து பதிவாகும், பிறகு எதை வைத்தும் தைக்க முடியாது. மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்கி, அளவுமானி சிவப்பைத் தொடாதபடி குறைத்து வையுங்கள். மல்லாரியின் முதல் அடியைக் கணக்கில் வைத்து அளவு பாருங்கள். ஆலாபனையை வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள்.

திருவையாறு ஆராதனையை யூடியூப்ல நேரலையா காட்டறாங்க. அதை எடுத்து வெச்சுக்கலாமா? தப்பா?

புஷ்ய பகுள பஞ்சமியன்று காவிரிக்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடும் அந்தப் பஞ்சரத்னத்தை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. தியாகராஜர் 1847-ல் மறைந்தவர், கிருதிகளுக்கு இன்று காப்புரிமை இல்லை. ஆனால் பாடுகிறவர்களுக்கும் ஒளிபரப்புகிறவர்களுக்கும் தனி உரிமை இருக்கிறது. 1957 காப்புரிமைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு ஒளிபரப்பாளருக்கு 25 ஆண்டு உரிமை தருகிறது. 38-ஆம் பிரிவு கலைஞருக்கு 50 ஆண்டு. அதே சட்டத்தின் 39-ஆம் பிரிவு, பதிவு செய்கிறவர் தன் சொந்த உபயோகத்துக்கு எடுப்பதை மீறலாகக் கருதுவதில்லை.

ஆனால் யூடியூபின் விதிமுறை தனி. அவர்கள் கொடுக்கும் பதிவிறக்க வசதியைத் தவிர, அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது என்கிறது. ஆகவே நான் சொல்வது: சேனல்காரர்களிடம் கேளுங்கள், கோயில்களும் சபாக்களும் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். எடுத்ததை உங்கள் சேனலில் ஏற்றுவதும் வாட்ஸ்அப் குழுவில் விடுவதும் சொந்த உபயோகம் ஆகாது. கட்டணம் வாங்கும் ஓடிடி தளங்களின் பூட்டை உடைத்து எடுக்க வழி கேட்கிறவர்களுக்கு நான் உதவுவதில்லை. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி அது குற்றம்.

கடையில திருட்டு. போலீஸ் வீடியோ கேக்கறாங்க. போன்ல ஸ்க்ரீனைப் படம் புடிச்சுக் குடுத்துடவா?

அவசரத்துக்கு அடையாளம் காட்ட அது உதவும். ஆனால் அதோடு நிற்காதீர்கள். டிவிஆர் பெட்டி இடம் நிரம்பியதும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். அதனால் அன்றைக்கே பெட்டியிலிருந்து மூலக் கோப்பைப் பென்டிரைவில் எடுங்கள். வெட்டாதீர்கள், வேறு வடிவத்துக்கு மாற்றாதீர்கள். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளியிருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. பழைய சட்டத்தில் 65பி என்று இருந்தது இதுதான். அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் எண்ணும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். படிவம் நிரப்ப வக்கீலோ விசாரணை அதிகாரியோ வழி சொல்வார்கள். மூலக் கோப்பை மாறாமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.

லைவ் முடிஞ்சு போச்சு. இப்ப ஏதாவது பண்ண முடியுமா?

முதலில், நேரலை செய்தவரிடம் கேளுங்கள். முதல் பதிலில் சொன்னபடி அவருடைய சேனலில் இருக்கலாம், மற்றவர்களுக்குத் தெரியாதபடி பிரைவேட்டாக வைத்திருக்கலாம். சேனல் சொந்தக்காரர் யூடியூப் ஸ்டூடியோவிலிருந்து பதிவிறக்கித் தரலாம். அடுத்து, அவர் ஓபிஎஸ்ஸில் அனுப்பினாரா, அனுப்பும்போதே பதிவும் போட்டாரா என்று கேளுங்கள். இனிமேல் யாரையாவது அமர்த்தும்போது இதை முன்கூட்டியே பேசி வையுங்கள். அனுப்புகிற கணினியிலேயே எடுக்கும் பதிவுதான் எல்லாவற்றிலும் நல்லது, இணையம் அறுந்தாலும் அது அறுவதில்லை. 2028-ல் மகாமகம் வருகிறது. எங்கள் ஊரில் குளக்கரையைச் சுற்றி அன்று போன் சிக்னல் எப்படித் தவிக்கும் என்று 2016-ல் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

அப்பா காரியத்துக்கு என்னால வர முடியல. தம்பி வாட்ஸ்அப் வீடியோ கால்ல காட்டினான். அதை எடுத்து வெச்சிருக்க முடியுமா இருந்ததா?

இந்தக் கேள்வி எனக்கு வெளிநாட்டிலிருந்து பலமுறை வந்திருக்கிறது. வீடியோ அழைப்புக்கு நாம் எடுத்துப் போடக்கூடிய ஸ்ட்ரீம் முகவரி கிடையாது. இரண்டு போன்களுக்கு நடுவில் பூட்டிப் போகிறது, வாட்ஸ்அப் அதைச் சேமிப்பதும் இல்லை. முடிந்த அழைப்பை மீட்க வழியே இல்லை. நடக்கும்போது ஸ்க்ரீன் ரெக்கார்டர் மட்டும்தான். இரண்டாவது பதிலில் வேண்டாம் என்றேனே, அது இங்கே வேண்டும். சில போன்களில் அழைப்பின் ஒலி அதில் பதியாது, அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னும் நல்ல வழி, அங்கே இருப்பவர்களிடம் இரண்டாவது போன் ஒன்றைக் கேட்பது. அழைப்பு ஒன்றில் ஓடட்டும். இன்னொன்றை ஏரோபிளேன் மோடில் போட்டு, சாதாரணக் கேமராவில் பதிந்துகொண்டே இருக்கட்டும். அந்த நேரத்தில் தம்பியிடம் இதைச் சொல்ல மனம் வராது. பக்கத்து வீட்டுப் பையன் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள், செய்வான்.